கோப்பையில் அண்ணி பெயரும் வேண்டும்

எங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்துத் துப்பாக்கி சுடும் அண்ணன் போன மாதம் காலமானதிலிருந்து ஆளாளுக்கு எழுதுகிறார்கள். எல்லாவற்றிலும் பதக்கம் இருக்கிறது, "நோயை வென்ற வீரர்" இருக்கிறது, கடைசி வரியில் மட்டும் "மனைவியும் உறுதுணையாக இருந்தார்" என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கடைசி வரியோடுதான் எனக்குச் சண்டை. முதலில், நோயை யாரும் வெல்லவில்லை. கிட்னி போனது போனதுதான். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் டயாலிசிஸில் படுத்துக்கொண்டே வருஷக்கணக்காகச் சுட்டார், அதில் பாதி வேலை அண்ணி பார்த்தது.

அவர் முதலில் ரைஃபிள்காரர். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு, கிட்டப் போய்ப் பார்த்தாலே கண் கூசும். ஏறத்தாழ ஐந்து கிலோ துப்பாக்கியை இடது கையில் தாங்கி, விறைப்பான ஜாக்கெட் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். டயாலிசிஸுக்காக அந்த இடது கையில்தான் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா வைத்தார்கள். இனி அந்தக் கையில் பாரம் கூடாது, இறுக்கம் கூடாது, பிபி பட்டைகூடக் கட்டக் கூடாது. சரி, விளையாட்டு முடிந்தது என்று நாங்கள் எல்லோரும் துக்கம் விசாரிக்காத குறைதான். "ஒத்தக் கையால சுடுறது ஒண்ணு இருக்குல்ல, அத எடுங்களேன்" என்று சொன்னது அண்ணி.

ஏர் பிஸ்டல். ஒரு கிலோ சொச்சம்தான் எடை. இடது கைக்கு வேலையே கிடையாது, பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நிற்கலாம். பத்துப் புள்ளிக்கான நடு வட்டமும் 11.5 மில்லிமீட்டர் அகலம். ஆனால் 60 குண்டு, 75 நிமிடம், நீட்டிய கை நடுங்காமல் இருக்க வேண்டும், அதுவும் டயாலிசிஸ் முடிந்து துவண்டுபோன உடம்போடு. அதனால் பயிற்சி எப்போதும் மறுநாள் காலைதான். மாடிப்படி வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டிச் சுவர் வரை அண்ணி டேப் பிடித்து அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். சுடுவதற்கு முன்னால் அண்ணனின் இடது கையில் இரண்டு விரல் வைத்துப் பார்ப்பார், உள்ளே வண்டு ரீங்கரிக்கிற மாதிரி ஓர் அதிர்வு இருக்க வேண்டும், இருந்தால்தான் ஃபிஸ்டுலா ஓடுகிறது என்று அர்த்தம். அது ஆனபிறகுதான் பெல்லட் டப்பாவைத் திறந்து கொடுப்பார். கடலூர் வெயிலில் தண்ணீரும் அளந்துதான் குடிக்க வேண்டும் என்பதால் வாய்க்கு ஓர் ஐஸ் கட்டி. இளநீர் கூடாது, உருளைக்கிழங்கு என்றால் வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு (இத்தனை தென்னை இருக்கிற ஊரில் ஒருவருக்கு இளநீர் கூடாதென்றால் அது தனிக் கொடுமை). அப்புறம் சுட்ட இலக்கு அட்டைகளைக் கழற்றி வந்து, குண்டு எந்தப் பக்கம் விழுகிறது என்று நோட்டில் புள்ளி வைப்பார். "நாப்பதுக்கு மேல எல்லாம் கீழ போவுது, தோள் விட்டுடுது உங்களுக்கு." இதை ஒரு பயிற்சியாளர் சொன்னால் காசு கொடுக்கிறோம், மனைவி சொன்னால் உறுதுணையா?

மாத்திரை விஷயம் இன்னும் பெரிது. ஒருமுறை ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபுரோலால் எழுதிக் கொடுத்தார்கள். வைத்தியத்தில் தப்பே இல்லை, நம் வீடுகளில் பாதிப் பேர் விழுங்குகிற மாத்திரைதான். ஆனால் அது பீட்டா பிளாக்கர், இதயத் துடிப்பை இறக்கும், கை நடுக்கத்தைக் குறைக்கும், அதனால் துப்பாக்கி சுடுதலில் தடை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜாங் சு ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வாங்கி, ப்ரொப்ரனலால் என்ற இன்னொரு பீட்டா பிளாக்கர் பரிசோதனையில் தெரியவந்ததால் இரண்டையும் இழந்தார். அண்ணி தடைப் பட்டியலை வைத்துச் சீட்டில் உள்ளதை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, மறுபடி புதுச்சேரி பஸ் ஏறி, டாக்டரிடம் பேசி, அம்லோடிபினுக்கு மாற்றி வாங்கி வந்தார். மாவட்டப் போட்டியில் யார் பரிசோதிக்கப் போகிறார்கள் என்று நான்கூடக் கேட்டேன். "யாரும் பாக்கலன்னா சாப்ட்டுடலாமா?" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது?

அண்ணனுக்கு அமெரிக்க வீரர் மேத்யூ எம்மன்ஸ் மேல் தனிப் பிரியம். 2004 ஏதென்ஸில் முதலிடத்தில் இருந்துகொண்டு, கடைசிக் குண்டைப் பக்கத்து ஆளின் இலக்கில் சுட்டு எட்டாவது இடத்துக்குப் போனவர். அன்றைக்கு ஆறுதல் சொல்ல வந்த செக் வீராங்கனை கேட்டரீனாதான் 2007இல் அவருக்கு மனைவியானார், அடுத்த ஆண்டு பெய்ஜிங்கில் அந்த ஒலிம்பிக்கின் முதல் தங்கத்தையே வாங்கினார். எம்மன்ஸுக்கு 2010இல் தைராய்டு புற்றுநோய், அறுவை சிகிச்சை, 2012 லண்டனில் வெண்கலம். இதைச் சொல்லிவிட்டு அண்ணன் சிரிப்பார். "அவரு சம்சாரம் தங்கம் வாங்குனவங்க. நம்மூட்டு அம்மா அட்டை எண்ணுனவங்க. ஆனா அவரு கடைசிக் குண்டுல கோட்ட விட்டாரு பாரு, நம்மூட்டு அம்மா கண்ணு முன்னாடி அது நடக்குமா?"

இப்போது அண்ணன் பெயரில் ஒரு கோப்பை வைக்கலாம் என்று நண்பர்கள் பேசுகிறார்கள். நல்ல யோசனை, என் பங்குப் பணத்தைத் தருகிறேன். ஆனால் இரண்டு பெயரும் பொறிப்பதாக இருந்தால்தான். அண்ணியிடம் கேட்டதற்கு, "பேரெல்லாம் வேணாம்பா, பிஸ்டல் அட்டை ரெண்டு கட்டு வாங்கிக் குடு, ஞாயித்துக்கெழம பசங்க வருதுங்க" என்றார். பெயர் விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்பதாக இல்லை. அட்டை விஷயத்தில், பணம் போட நினைப்பவர்கள் கோப்பைக்கு முன்னால் அதற்குப் போடுங்கள்.