யார் கேட்டார்கள் இந்தப் புதுப்பிப்பை?

நன்றாக ஓடிக்கொண்டிருந்த மடிக்கணினி. "முக்கியமான புதுப்பிப்பு, அணைக்காதீர்கள்" என்றது, அணைக்கவில்லை. பயாஸ் (கணினியைத் துவக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பு 100 சதவீதம் முடிந்தது என்று சொல்லிவிட்டு இருண்ட திரை, இருண்டதுதான். மின்விசிறி சுற்றுகிறது, கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் விட்டுவிட்டுச் சிமிட்டுகிறது. அந்தச் சிமிட்டலை எண்ணி, என்ன கோளாறு என்று கையேட்டில் தேட வேண்டுமாம். கையேடோ இணையத்தில் இருக்கிறது!

பயாஸ் மாறியதும் சில கணினிகள் நினைவகத்தை மறுபடி சரிபார்த்துக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும், அதுவரை திரை கறுப்பாகவே கிடக்கும். சரி, கிடக்கட்டும். அதை முன்கூட்டியே ஒரு வரியில் எழுதினால் குறைந்தா போய்விடுவார்கள்?

சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்த பிறகு ஒருவழியாக உயிர் வந்தது. வந்ததும் வராததுமாகக் கேட்கிறது, மறையாக்கம் செய்து பூட்டிய வட்டைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி! ஃபர்ம்வேர், அதாவது அந்தப் பயாஸ், மாறியதால் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சிப்புக்குச் சந்தேகமாம். மாற்றச் சொன்னதே நீதானே அப்பா! பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனை எண்களையும் தட்டினால், நீலத்திரை: துவக்க வட்டை அணுக முடியவில்லையாம். புதுப்பிப்பு போகிற போக்கில் பயாஸ் அமைப்புகளை எல்லாம் இயல்புநிலைக்குத் தள்ளி, ரெய்டு என்ற முறையில் இயங்கிய வட்டை ஏஹெச்சிஐ என்ற வேறு முறைக்கு மாற்றி வைத்திருக்கிறது. அதைத் திருப்பி வைத்த பிறகுதான் துவங்கியது.

இத்தனைக்கும் புதுப்பிப்புக் குறிப்பில் இருந்தது ஒரே வரி: "கணினியின் நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டுள்ளது."