கழற்றி மாட்டினால் கஸ்டம் ஆகிவிடுமா?

சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் ஒரு பகல் செலவழித்தால் போதும், ஷோரூமிலிருந்து வந்த புல்லட்டை அடையாளம் தெரியாமல் மாற்றிவிடலாம். அலாய் சக்கரம், எல்.இ.டி. விளக்கு, குட்டைச் சைலன்சர், ஹேண்டில் நுனியில் வட்டக் கண்ணாடி, டேங்கில் ஒரு ஸ்டிக்கர். மாலையில் கடற்கரையில் நிறுத்திப் படம் எடுத்து, 'என் கஸ்டம் பைக்', அதாவது எனக்கென்றே செய்த வண்டி, என்று பதிவு போடுகிறார்கள். என் நண்பர்களிலேயே பலர் போட்டிருக்கிறார்கள். வண்டியின் மேல் அவர்களுக்கு இருக்கும் ஆசையை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்தப் பெயரை அவ்வளவு மலிவாகக் கொடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

என் அளவுகோல் எளிமையானது. ஒரு வண்டியில் செய்த மாற்றத்தைக் கழற்றி, அதே மாடல் வைத்திருக்கும் இன்னொருவரின் வண்டியில் அப்படியே மாட்ட முடிந்தால், அது அலங்காரம். ஓட்டுபவரின் உடம்புக்கென்றோ, அவர் போகும் பாதைக்கென்றோ, அவர் செய்யும் வேலைக்கென்றோ அளந்து செய்து, மற்றவர் ஏறி உட்கார்ந்தால் ஒத்துவராமல் போகிறது என்றால் அதுதான் கஸ்டம். எவ்வளவு செலவானது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நிறுவனங்கள் இந்த ஆசையை எப்போதோ மோப்பம் பிடித்துவிட்டன. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் 1971-இல் சூப்பர் கிளைடு என்ற வண்டியை இறக்கியது. அவர்களுடைய பெரிய வண்டியின் சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்தில், அவர்களுடைய இன்னொரு மாடலான ஸ்போர்ட்ஸ்டரின் மெலிந்த முன்பக்கத்தைப் பொருத்தி, நிறுவனத்தின் வடிவமைப்பாளர் வில்லி ஜி. டேவிட்சன் வடிவமைத்தது. அமெரிக்க இளைஞர்கள் வீட்டுக் கொட்டகைகளில் பல ஆண்டுகளாக வெட்டி ஒட்டிச் செய்துவந்ததைத் தொழிற்சாலையே செய்து கொடுத்தது. நம் ஊர் ராயல் என்ஃபீல்டும் 2020-லிருந்து வண்ணம், சீட், கண்ணாடி எல்லாவற்றையும் நாமே தேர்ந்தெடுத்து வண்டியை முன்பதிவு செய்யும் வசதியைத் தருகிறது. நல்ல வசதிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரே பட்டியலிலிருந்து ஆயிரம் பேர் தேர்ந்தெடுத்தால் ஆயிரம் கஸ்டம் பைக்குகள் பிறந்துவிடுமா?

இங்கிலாந்தின் டிரைட்டன் கதையைப் பாருங்கள். நார்டன் நிறுவனத்தின் ஃபெதர்பெட் சேஸிஸ் திருப்பங்களில் அசையாமல் நிற்கும். டிரையம்ஃப் நிறுவனத்தின் இரட்டை சிலிண்டர் என்ஜினோ வேகத்துக்குப் பெயர் போனது. இரண்டும் ஒரே வண்டியில் கிடைக்காததால் இளைஞர்கள் தாங்களே இணைத்தார்கள்; அதுதான் டிரைட்டன். 500 சிசி கார் பந்தயக்காரர்கள் என்ஜினுக்காகவே நார்டன் வண்டிகளை வாங்கிக் கழற்றியதில் வெறும் சேஸிஸ்களும் மிஞ்சிக் கிடந்தன. தேவை முதலில் வந்தது, அழகு அதன் பின்னால் தானாக வந்து சேர்ந்தது. இன்று அந்தத் தோற்றத்தை மட்டும் பார்த்து, குனிந்து ஓட்டும் ஹேண்டில்பாரை வாங்கி மாட்டிக்கொண்டு, அண்ணா சாலை நெரிசலில் மணிக்கட்டு வலிக்க வலிக்கப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நியூசிலாந்தின் இன்வர்கார்கில் ஊர்க்காரரான பர்ட் மன்ரோ 1920-இல், 'இந்தியன்' என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஸ்கவுட் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். புதிதாக வந்தபோது மணிக்கு 90 கிலோமீட்டர் போவதே அதற்கு அதிகம். பிஸ்டன்களைப் பழைய தகர டப்பாக்களில் தாமே வார்த்தார். பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடை டிராக்டர் அச்சு இரும்பிலிருந்து கையால் செதுக்கினார். 1967-இல், 68 வயதில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பான்வில் உப்புத் தரையில் அதே வண்டியை மணிக்கு ஏறத்தாழ 295 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, 1000 சிசிக்கு உட்பட்ட பிரிவில் சாதனை படைத்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே வண்டி, ஒரே மனிதர். எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காத பாகங்கள் அவை.

உலக சாதனை வேண்டாம், ஹேண்டில்பாரை இரண்டு அங்குலம் உயர்த்துவதை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிடி, சீட், ஃபுட்ரெஸ்ட் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் நம் முதுகு எப்படி வளைய வேண்டும் என்பதை முடிவு செய்கின்றன. பிடியை உயர்த்தினால் உடம்பின் பாரம் கையிலிருந்து இடுப்புக்குப் போகும். சீட்டைக் கவனிக்காமல் விட்டால் விழுப்புரம் தாண்டுவதற்குள் இடுப்பு கெஞ்சும். ஆக்சிலரேட்டர் கேபிளும் கிளட்ச் கேபிளும் நீளம் போதாமல் இழுபடும். நல்ல மெக்கானிக் என்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பார்ப்பார். ஆக்சிலரேட்டரைத் தொடாமலே என்ஜின் உறுமினால் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். அப்படியே ரோட்டுக்கு வந்தால், யு-டர்ன் அடிக்கும்போது வண்டி தானாகப் பாயும். பல லட்சம் கொட்டிச் செய்த ஒரு வண்டியில் இந்தச் சோதனை தோற்றுப்போனதை நானே பார்த்திருக்கிறேன். பெயின்ட் மட்டும் கண்ணாடி போல இருந்தது.

தமிழ்நாட்டுச் சாலைகளில் உண்மையான கஸ்டம் வண்டி எங்கே இருக்கிறது என்று கேட்டால், பின்சக்கரத்தின் இருபுறமும் கூடுதலாக ஒவ்வொரு சக்கரம் பொருத்திய, மாற்றுத்திறனாளிகளின் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர்களைத்தான் நான் காட்டுவேன். ஸ்கூட்டரெல்லாம் மோட்டார் சைக்கிளா என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும்.

அம்பத்தூர் பக்கம் ஒரு பட்டறையில் அந்த வேலையை அருகிலிருந்து பார்த்தேன். இளம்பிள்ளைவாதத்தால் இடது கால் சூம்பிப்போன ஒருவரை முதலில் வண்டியில் உட்காரவைத்தார்கள். குதிகால் இயல்பாக எங்கே விழுகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டார் பட்டறைக்காரர். "அண்ணே, கால நீங்க தூக்கி வைக்காதீங்க, அது பாட்டுக்கு விழட்டும்" என்றார். பிறகுதான் தகட்டை வெட்டி அந்தக் கால் தங்குவதற்கு ஒரு மேடை செய்தார். ஊன்றுகோல் செருகும் குழாயை எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கு, அவரை இறங்கி ஏறச் சொல்லிப் பார்த்தார்கள். வலது கை முதலில் எதைத் தேடுகிறதோ அங்கேயே வெல்டிங் செய்தார்கள்.

பக்கச் சக்கரங்களில்தான் சூட்சுமமே இருக்கிறது. அவற்றை விறைப்பாகப் பொருத்திவிட்டால், இரண்டும் மேட்டில் நிற்கும்போது நடுவிலுள்ள பின்சக்கரம் பள்ளத்தின் மேல் தொங்கும். டயர் வெறுமனே சுற்றும், வண்டி நகராது. அதனால் தனியாக ஸ்பிரிங் கொடுக்கிறார்கள். அது எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்பது ஓட்டுபவரின் எடையையும் அவர் ஏற்றிச் செல்லும் சரக்கையும் பொறுத்தது. இந்த வண்டி திருப்பத்தில் சாயாது, உடம்பைத்தான் வெளிப்பக்கமாகத் தள்ளும். இடுப்பில் வலு குறைந்தவருக்குச் சீட்டின் பக்கவாட்டில் ஒரு தாங்கல் வேண்டும். இவ்வளவையும் கணக்குப் போட்டுச் செய்பவர் பெயரை எந்த பைக் கண்காட்சியிலும் நான் கேட்டதில்லை. அது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

சட்டமும் கிட்டத்தட்ட இதே கோட்டில்தான் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ஆனால் மாற்றுத்திறனாளிக்காக மாற்றியமைக்கும் வண்டிக்குச் சட்டமே இடம் தந்திருக்கிறது. ஊரைக் கூட்டும் சைலன்சர்களைப் போலீசார் பிடுங்குவதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒருவர் ஃபுட்ரெஸ்ட்டைத் தள்ளி வைத்துக்கொள்ளவும், முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் ஹேண்டிலை உயர்த்திக்கொள்ளவும், பொறியாளர் சோதித்துச் சான்று தரும் முறை ஒன்று ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் எளிதாகக் கிடைக்க வேண்டும்.

தமிழக அரசு கால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இணைப்புச் சக்கர ஸ்கூட்டர்களை இலவசமாகத் தருகிறது. மிக நல்ல திட்டம். என் கோரிக்கை ஒன்றுதான்: சாவியைக் கையில் கொடுக்கும் அன்றே பயனாளியை வண்டியில் உட்காரவைத்து, கால் மேடை, ஊன்றுகோல் குழாய், ஸ்பிரிங், தாங்கல் நான்கையும் அவர் அளவுக்குத் திருத்தித் தர வேண்டும். அந்த வேலைக்கு உள்ளூர்ப் பட்டறைக்காரர்களையே கூலி கொடுத்து அமர்த்தலாம்.