பொதுக்குழுவுக்கு வராத டாக்டர்களுக்கும், வரவிடாத நிர்வாகிகளுக்கும்

நான் உறுப்பினராக இருக்கும் மருத்துவர் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் இந்த வாரம் மறுபடியும் சண்டை. சந்தாவை ஏன் ஏற்றினார்கள், யாரைக் கேட்டு ஏற்றினார்கள் என்று ஆளாளுக்குக் கொதித்தார்கள். செயலாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "பொதுக்குழுவில் வைத்து நிறைவேற்றியதுதான் டாக்டர், நீங்கள் யாரும் வரவில்லை." அவர் சொன்னது உண்மை. ஆனால் அது முழு உண்மை இல்லை. (எந்தச் சங்கம் என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள். உங்கள் சங்கமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.)

பொதுக்குழு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். சனிக்கிழமை இரவு எட்டரை மணி, ஓட்டல் ஹால். முதலில் சிஎம்இ, அதாவது டாக்டர்களுக்கான தொடர் மருத்துவக் கல்வி வகுப்பு. மருந்து கம்பெனி செலவில் புதிய சர்க்கரை மாத்திரை பற்றி முக்கால் மணி நேரப் பேச்சு. அந்த வகுப்புக்குக் கிடைக்கும் கிரெடிட் பாயின்டுக்காக வந்தவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பாட்டு மேசையை எட்டிப் பார்க்க ஆரம்பிக்கும்போதுதான் பொதுக்குழு தொடங்கும். செயலாளர் மினிட்ஸ் வாசிப்பார். பொருளாளர் வரவு, செலவு, இருப்பு என்று மூன்று தொகை சொல்வார். "பாஸ் பண்ணலாமா?" முன்வரிசையிலிருந்து "பாஸ், பாஸ்". பத்து நிமிடம்கூட ஆகாது. அந்த நேரத்தில் யாராவது எழுந்து "ஆடிட்டர் அறிக்கை எங்கே சார்?" என்று கேட்டுவிட்டால், பசியோடு இருக்கும் அத்தனை பேருக்கும் அவர்தான் எதிரி.

எனக்கு மாலை கிளினிக் முடியவே ஒன்பதாகிவிடும். குழந்தைகள் மருத்துவர், மகப்பேறு மருத்துவர் பலருக்கும் இதே கதைதான். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கும் பெண் மருத்துவர் இரவு பத்து மணிக்கு ஓட்டலில் உட்கார்ந்து தீர்மானத்துக்குக் கை தூக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தப்பு. அப்புறம், "லேடி டாக்டர்ஸ் இன்ட்ரஸ்ட் காட்டுவதில்லை" என்று மேடையில் ஒரு வருத்தம் வேறு.

ஆனால் நேரமும் இடமும் சின்னப் பிரச்சினைகள். பெரிய பிரச்சினை போட்டியில்லாத தேர்தல். மனுத்தாக்கல் தேதி வருவதற்கு முன்பே முன்னாள் தலைவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசிப் பட்டியல் போட்டுவிடுவார்கள். யாராவது மனு கொடுக்கப் போனால் போன் வரும்: "எதுக்கு மேடம் போட்டி? நமக்குள்ள மனஸ்தாபம் வேணாமே. அடுத்த வருஷம் உங்களுக்குப் பார்த்துக்கலாம்." இதைப் பெருமையாக அழைப்பிதழிலும் போடுவார்கள், ஏகமனதாகத் தேர்வு என்று. என்னைக் கேட்டால், பத்து வருடமாக ஓட்டுப்பெட்டியே வைக்காத சங்கம் ஆரோக்கியமான சங்கம் இல்லை. போட்டி இருந்தால்தான் வேட்பாளர் உறுப்பினருக்குப் போன் செய்வார். என்ன வேண்டும் என்று கேட்பார். நிர்வாகிக்கு நம் ஓட்டு தேவைப்படாதபோது நம் கருத்து மட்டும் எதற்குத் தேவைப்படும்?

இது உள்ளூர் விவகாரம்தானே என்று விட்டுவிட முடியாது. 1928-ல் கல்கத்தாவில் தொடங்கிய இந்திய மருத்துவச் சங்கத்தையே (ஐ.எம்.ஏ.) எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். அதில் சாதாரண உறுப்பினருடைய கை நேரடியாக எட்டும் இடம் உள்ளூர்க் கிளைதான். அங்கிருந்து பிரதிநிதிகள் மாநிலத்துக்குப் போகிறார்கள், தேசிய அளவிலான மத்தியக் குழுவுக்கும் போகிறார்கள். கிளையில் நாம் கோட்டை விட்டால் டெல்லி வரை கோட்டை விட்ட மாதிரிதான். 2008-ல் பெப்சிகோவின் டிராபிகானா பழச்சாற்றுக்கும் குவேக்கர் ஓட்ஸுக்கும் ஐ.எம்.ஏ. பரிந்துரை போலத் தன் பெயரைக் கொடுத்தது. 2010-ல், டாக்டர்களை ஒழுங்குபடுத்திய அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சில் அதற்காக நிர்வாகிகள் மேல் நடவடிக்கை எடுக்கும் அளவுக்குப் போனது. அந்த ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்னால் உங்கள் கிளையில் யாராவது அதைப் பற்றிப் பேசினார்களா என்று மூத்த உறுப்பினர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள்.

உறுப்பினர்கள் விழித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் எம்ஆர்சிபி, எஃப்ஆர்சிபி என்று பட்டங்கள் மின்னுகின்றனவே, அந்த லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ். 1518-ல் தொடங்கியது. மருத்துவப் படிப்பு படிக்காமல் டாக்டருக்கு உதவியாக வேலை செய்யும் 'பிசிஷியன் அசோசியேட்'களை ஆஸ்பத்திரிகளில் வேகவேகமாகச் சேர்ப்பதை எதிர்த்து, அங்குள்ள ஃபெல்லோக்கள் (மூத்த உறுப்பினர்கள்) சிறப்புப் பொதுக்கூட்டம் கேட்டு வாங்கினார்கள். 2024 மார்ச்சில் கூட்டம், அதன் பிறகு வாக்கெடுப்பு. சேர்க்கும் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற தீர்மானத்தைத் தலைமை விரும்பவில்லை. அதுவும் நிறைவேறியது. கூட்டத்தில் உறுப்பினர் கருத்துக்கணிப்பு விவரங்களைக் காட்டிய விதம் பெரிய சர்ச்சையாகி, ஜூனில் தலைவர் சாரா கிளார்க் பதவி விலகினார். ஐநூறு வருடப் பழைய அமைப்பிலேயே இது முடிகிறது.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கம் ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அந்தப் பொதுக்குழுவை சிஎம்இயோடு ஒட்டாமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாக நடத்துங்கள். ஸ்பான்சர் வேண்டாம், டீயும் வடையும் போதும். கணக்கை ஒரு வாரம் முன்னதாகவே அனுப்புங்கள். சந்தா, அறக்கட்டளைப் பணம், கட்டட நிதி போன்ற விஷயங்களுக்கு ரகசிய ஓட்டு வையுங்கள். குரல் ஓட்டில் சீனியர் முகத்தைப் பார்த்து "இல்லை" சொல்ல எந்த ஜூனியருக்குத் துணிச்சல் வரும்? நாளைக்கு கேஸ் அனுப்புவதே அந்த சீனியர்தானே.

சரி, என் பங்குக்கு ஒன்று. வரும் தேர்தலில் பொருளாளர் பதவிக்கு மனு கொடுக்கப் போகிறேன். போன் வரும், தெரியும். எதிர்த்து நிற்க விருப்பமுள்ளவர்கள் தயவுசெய்து மனு கொடுங்கள், நானே முன்மொழிய ஆள் பிடித்துத் தருகிறேன்.