எம்எஸ்னா எழும்பூர் சார்

(புரசைவாக்கம். சாயங்கால டிராபிக். குமரேசன் ஆபீஸ்லேர்ந்து நேரா ஊருக்கு கிளம்பிட்டார், கையில ரெண்டு பை. மனைவி முன்னாடியே ஸ்டேஷனுக்கு போயாச்சு.)

குமரேசன்: அண்ணே, ஸ்டேஷன் போகணும், சீக்கிரம்.

ஆட்டோ: எந்த ஸ்டேஷன் சார்?

குமரேசன்: ரயில்வே ஸ்டேஷன்தாண்ணே. போலீஸ் ஸ்டேஷனுக்கு போறவன் பெட்ஷீட் எடுத்துட்டா போவான்?

ஆட்டோ: அப்டி போனவங்களையும் இறக்கி வுட்டுருக்கேன் சார். மெட்ராஸ்ல ஸ்டேஷன்னு சொன்னா எதுன்னு நான் எடுத்துக்கறது?

குமரேசன்: அதான் பெருசா, செவப்பா, வெள்ளக்காரன் கட்டுனது...

ஆட்டோ: சென்ட்ரலும் செவப்பு, எக்மோரும் செவப்பு. வெள்ளக்காரன் கணக்குன்னா ராயபுரத்துக்கே வுடலாம், 1856ல தென்னிந்தியாவுல மொத ரயில் அங்கேர்ந்துதான் கெளம்பிச்சு, வாலாஜா ரோடு வரிக்கும். அந்த ஸ்டேஷன் இன்னும் நிக்கிது.

குமரேசன்: நான் இன்னிக்கு போகணும்ணே, 1856ல இல்ல. சென்ட்ரல் போங்க, டிக்கெட்ல எம்எஸ்னு போட்ருக்கு, எம்எஸ்னா மெட்ராஸ் சென்ட்ரல்னு என் வீட்டுக்காரி சொன்னா.

ஆட்டோ: எம்எஸ்ஸா? எங்க காட்டு. சார், எம்ஏஎஸ்னாதான் சென்ட்ரல், எம்எஸ்னா எக்மோர். எந்த ஊருக்கு?

குமரேசன்: ராமநாதபுரம்.

ஆட்டோ: போட் மெயிலா! நல்லவேள என் வண்டில ஏறுன.

குமரேசன்: அது ஏண்ணே போட் மெயிலு, தண்ணில போகுமா?

ஆட்டோ: ஒரு காலத்துல ரயில்ல தனுஷ்கோடி போயி, அங்கேர்ந்து கப்பல்ல தலைமன்னார், அப்றம் மறுபடி ரயிலேறி கொழும்பு. 1964 புயல்ல தனுஷ்கோடியே அழிஞ்சி போச்சு, பின்னால கப்பலும் நின்னு போச்சு, பேர் மட்டும் வண்டியிலயே ஒட்டிக்கிச்சு.

குமரேசன்: சரி, எல்லாத்தையும் ஒரே ஸ்டேஷன்ல வெச்சிருந்தா என்னவாம்?

ஆட்டோ: ரெண்டு கம்பெனி சார், பங்காளிங்க மாதிரி. சென்ட்ரல் 1873, மெட்ராஸ் ரயில்வேக்காரன் கட்டுனது, அவன் தண்டவாளம் அஞ்சரை அடி அகலம், பிராட் கேஜ். எக்மோர் 1908, சவுத் இந்தியன் ரயில்வே, தெக்கால போற வண்டிங்கள்லாம் மீட்டர் கேஜ், ஒரு மீட்டர்தான் அகலம். இவன் வண்டி அவன் தண்டவாளத்துல ஓடாது, எங்க வூட்ல அண்ணன் தம்பி மாதிரியே.

குமரேசன்: இவ்ளோ எப்டிண்ணே தெரியும்?

ஆட்டோ: மாமனாரு தண்டவாளம் பாக்குற கேங்மேன் சார். பொண்ணு பாக்க போனப்ப ரெண்டு மணி நேரம் இதான் சொன்னாரு, பொண்ண கடைசியாத்தான் காட்னாரு.

குமரேசன்: அண்ணே, நீங்க மீட்டர் போடவே இல்லயே?

ஆட்டோ: மீட்டர் கேஜையே பேத்து எடுத்துட்டாங்க, நீ மீட்டர் கேக்குற. நூத்தம்பது குடு.

குமரேசன்: இந்தா இருக்குற எக்மோருக்கு நூத்தம்பதா!

ஆட்டோ: பிராட் கேஜ் ரேட்டு சார். அங்க பாரு, டூமு தெரியுதா? பிளான் போட்டது ஹென்றி இர்வின்னு வெள்ளக்காரன், ஆனா கட்டுனது நம்ம ஆளு, சாமிநாத பிள்ளைனு காண்டிராக்டர். உள்ள முன்னல்லாம் பிளாட்பாரம் வரிக்கும் காரே போவும், பொட்டி பக்கத்துல போயி இறங்கலாம்.

குமரேசன்: நூத்தம்பதுக்கு அப்டியே உள்ள கொண்டு போய் வுடுங்க.

ஆட்டோ: காருக்குதான் சார். ஆட்டோவ அன்னிக்கும் யார் மதிச்சா.

(போன் அடிக்கிறது.)

குமரேசன்: ஹலோ... வந்துட்டேன்மா, எக்மோர் வாசல்லதான் நிக்கிறேன். நீ எங்க? ...என்னது, மணிக்கூண்டுக்கு கீழயா?

ஆட்டோ: இங்க ஏது சார் மணிக்கூண்டு, அது சென்ட்ரலு.

குமரேசன்: அய்யோ! சாப்பாட்டுக் கூடை அவகிட்டதாண்ணே இருக்கு!

ஆட்டோ: ஏறு ஏறு, டைம் கீது, இட்டுனு வந்துரலாம். சென்ட்ரல்னு யாரையும் கேக்க வேணாம்னு சொல்லு, 2019லேர்ந்து அதுக்கு புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் மத்திய ரயில் நிலையம்னு பேரு, முழுசா சொல்லி முடிக்கறதுக்குள்ள வண்டி கெளம்பிடும். போற வழில, சென்ட்ரல் பக்கத்துல இருந்த மூர் மார்க்கெட் எரிஞ்ச கதைய சொல்றேன்.

குமரேசன்: அண்ணே, கதை இல்லாம போனா எவ்ளோ?