மழை விந்தணுவை உண்டாக்குவதில்லை
முதல் மழை பெய்த பிறகே ஆண் தேரையின் உடலில் விந்தணு உருவாகத் தொடங்குகிறது என்று தேரைகள் பற்றிய இந்தக் கட்டுரையில் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஏப்ரல் மாத மாலை மழை விட்ட அன்றிரவே லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் உள்ள கானில், அதாவது வடிகாலில், தேரைகள் கத்தும், விடிந்து பார்த்தால் முட்டைச் சரம் கிடக்கும். ஒரே இரவில் விந்தணு உருவாகி முதிர்ந்துவிடுமா? அதற்கு வாரக்கணக்கில் ஆகும். மூளைக்கு அடியில் உள்ள கபச்சுரப்பி சுரக்கும் எஃப்.எஸ்.எச். என்ற ஓமோன் விந்தணுவின் மூலக் கலங்களைப் பெருகச் செய்கிறது. அப்புறம் முதிர்ந்த விந்தணுக்கள் விதையில் அவற்றைத் தாங்கி வளர்க்கும் செர்டோலி கலங்களில் தலையைப் புதைத்தபடி காத்திருக்கின்றன, அதே சுரப்பியின் இன்னொரு ஓமோனான எல்.எச். கூடும்போதுதான் விடுபடுகின்றன. 1947இல் ஆர்ஜென்டீனாவின் மருத்துவர் கல்லி மைனினி அறிவித்த கர்ப்பப் பரிசோதனையே இதற்கு அருமையான சான்று. கர்ப்பிணியின் சிறுநீரை ஆண் தேரைக்கு ஊசி மூலம் ஏற்றினால், அதிலுள்ள எச்.சி.ஜி. என்ற கர்ப்பகால ஓமோன் எல்.எச். போலவே வேலை செய்து, சில மணித்தியாலங்களில் தேரையின் சிறுநீரில் விந்தணு தென்பட்டுவிடும். புதிதாக உருவாக அங்கே நேரமே இல்லை, ஏற்கெனவே இருந்ததுதான் வெளியே வருகிறது. மேலே கருத்து எழுதிய ஒருவர், மழைக்கு முன்பு கான் ஓரத்துப் புல்லுக்கு மருந்தடித்தால் தேரைக்கு என்ன நட்டம் என்று கேட்டிருக்கிறார். சத்தமே இல்லாத அந்த வாரங்களிலும் ஆண் தேரை அங்கேதான் பதுங்கியிருக்கிறது, விந்தணுவும் அதன் உடலில் முதிர்ந்துகொண்டிருக்கிறது. தயவுசெய்து அப்போது மருந்தடிக்காதீர்கள்.