அந்தப் பாட்டி எப்போது குண்டானார்?

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு கலை மன்றத்தில் இந்த மாதம் முழுக்க ஞாயிறுதோறும் பழைய படம் போடுகிறார்கள். இலவசம். அகஸ்தியா தியேட்டரை 2020இல் மூடியதிலிருந்து வீட்டிலிருந்து நடந்தே போய்ப் படம் பார்க்கிற சுகம் எனக்கு இல்லாமல் போயிருந்தது. அதனால் கன்டெய்னர் லாரிப் புழுதியை மூக்கில் வாங்கிக்கொண்டு ஆசையாகப் போனேன்.

ஆறரை மணிப் படம் ஏழே காலுக்கு. நடுவில் பொன்னாடை. சரி, அது நம்ம ஊர் வழக்கம், விடுங்கள்.

படம் சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி', 1955. அந்தக் காலத்துப் படம் கிட்டத்தட்ட சதுரம்: அகலம் நாலு என்றால் உயரம் மூன்று. இவர்களோ அதைப் பதினாறுக்கு ஒன்பது திரையில் ஓரத்துக்கு ஓரம் இழுத்துவிட்டார்கள். எலும்பும் தோலுமான இந்திர் பாட்டி பூசினாற்போல் வந்து நிற்கிறார்! பசியால் வாடுகிற வீட்டில் எல்லோருக்கும் கன்னம் உப்பியிருக்கிறது. போதாக்குறைக்கு வெள்ளை சப்டைட்டில் வேறு. நாணல் பூக்காட்டில் அது எங்கே போனதென்றே தெரியவில்லை.

புரொஜக்டர் தம்பியிடம் போய்ச் சொன்னேன். படத்தை அதன் பழைய அளவுக்கே கொண்டுவர ரிமோட்டில் ஒரு பட்டன், அவ்வளவுதான்.

"ரெண்டு பக்கமும் கறுப்பா காலியா இருக்கும் சார், ஜனங்க திட்டுவாங்க" என்றான். எந்த ஜனங்கள்? இருந்ததே பதினோரு பேர். அதில் மூன்று பேர் பொன்னாடை வாங்கியவர்கள்.

அடுத்த ஞாயிறு 'பைசைக்கிள் தீவ்ஸ்' போடுகிறார்களாம், அதுவும் அந்தக் காலத்து இத்தாலியப் படம். சைக்கிள் சக்கரம் முட்டை மாதிரி உருளப்போகிறது.