உழவர் சந்தை மேடையில் வியாபாரிக்கு என்ன வேலை?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் எங்கள் ஊர் உழவர் சந்தைக்குப் போய்வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. வார நாட்களில் விடியற்காலையில் காய்கறி வாங்கப் போக முடியாதவர்களுக்கு விடுமுறை நாளை விட்டால் வேறு வழியில்லை. அந்த நேரத்தில் உள்ளே நுழைந்தால், உழவர்களுக்கென்று அரசு கட்டிக்கொடுத்த மேடைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் வியாபாரிகள் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர்கள் வியாபாரிகள் என்று எப்படித் தெரியும் எனக் கேட்பவர்கள் சரக்கைப் பார்த்தாலே போதும். ஊட்டி கேரட், நாசிக் வெங்காயம், உருளைக்கிழங்கு, பூண்டு, இவற்றுக்குப் பக்கத்திலேயே நாட்டுக் கத்தரிக்காய் என ஒரே மேடையில் குவிந்திருக்கும் இத்தனையும் எந்த உழவருடைய நிலத்தில் ஒன்றாக விளைந்தன? கமிஷன் மண்டியில் வாங்கிய மூட்டைகளை அப்படியே இங்கே பிரித்துக் கொட்டியிருக்கிறார்கள்.

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது, இடைத்தரகர் இல்லாமல் விளைவித்தவரே விற்க வேண்டும் என்பதுதான் அதன் முழு நோக்கமாக இருந்தது. மொத்த விலையைவிடச் சற்றுக் கூடுதலாகவும், வெளிச்சந்தையின் சில்லறை விலையைவிடக் குறைவாகவும் அன்றன்றைக்கு விலை நிர்ணயித்துப் பலகையில் எழுதுகிறார்கள். கடைக்கு வாடகை கிடையாது. நிலத்தையும் பயிரையும் சரிபார்த்துப் புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை தருகிறார்கள். இவ்வளவு கவனமாக அமைத்த ஏற்பாட்டை வாசலிலேயே அடித்துப் போட்டிருக்கிறார்கள்!

பலகையில் கத்தரிக்காய் கிலோ 36 ரூபாய் என்றிருந்தது; மேடையில் 50 ரூபாய் கேட்டார்கள். பலகையைக் காட்டினால், "அது காலையில் போட்ட விலை, வேண்டுமானால் வாங்குங்கள், இல்லாவிட்டால் நகருங்கள்" என்று பதில் வருகிறது. முறையிடலாம் என்று போனால் அலுவலகம் பூட்டிக் கிடந்தது.

எனக்குப் போன 14 ரூபாயைக்கூட விட்டுவிடலாம். வாசலுக்கு எதிரே, உச்சி வெயிலில், சாக்கை விரித்துப் புடலங்காயும் கீரைக்கட்டும் வைத்திருந்த அம்மாவைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. அடையாள அட்டை அவரிடம் இருக்கிறது. "முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்தாலும் மேடையெல்லாம் புடிச்சு வச்சிருக்காங்க சாமி, உள்ளே விட மாட்டேங்கிறாங்க" என்றார். அந்தக் கீரை மாலைக்குள் வாடிவிடும் என்பது உள்ளே இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் நேரம் போகப் போக அவரிடமே வந்து மொத்தமாக அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். இடைத்தரகரிடமிருந்து காப்பாற்றக் கட்டிய இடத்தின் வாசலிலேயே அவர் இடைத்தரகரிடம் விற்றுவிட்டு வீடு திரும்ப வேண்டியிருக்கிறது. இதைவிட அநியாயம் வேறென்ன இருக்கிறது?

இதைச் சரிசெய்யப் புதிய சட்டமோ நிதியோ தேவையில்லை. எந்த நிலத்தில் என்ன பயிர் என்பது கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அடங்கல் என்னும் பயிர்ப் பதிவேட்டிலேயே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கையில் வைத்துக்கொண்டு மேடை மேடையாக நடந்து, அட்டையையும் சரக்கையும் ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாதவர்களை அன்றைக்கே வெளியேற்ற வேண்டும். விலைப்பலகையை மீறுபவரின் மேடையைப் பறிக்க வேண்டும். அலுவலர் சந்தை முடியும் வரை இருக்கையில் இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் இவற்றைக் கேட்டு மனு கொடுக்கப் போகிறேன். மேடை கிடைக்காமல் வெயிலில் உட்கார்ந்திருக்கும் உழவர்கள் தங்கள் அட்டையுடன் வந்தால், அவர்களுடைய மனுக்களையும் நானே எழுதித் தருகிறேன்.